அஞ்ச வேண்டியவையும் அஞ்ச வேண்டாதவையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மகிழ்ச்சிக்குரிய நாள். குழந்தைகள் ஆடினர், மாணவியர் பாடினர், சற்று நேரத்தில் நாடகமும் தொடங்க இருக்கிறது. இவற்றிற்கு இடையே அச்சத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் வியக்கலாம். இப்பொருளை நாம் தேடிச் செல்லவில்லை. அதுவே நம்மைத் தேடி வந்தது. சென்ற ஓராண்டில் நம் சங்கத்திற்கு வந்த முறையீடுகளை எண்ணிப் பார்த்தோம். வறுமையால் வந்த துன்பங்கள் சில. நோயால் வந்தவை சில. உரிய நேரத்தில் வாய் திறந்து சொல்லாமையால் வந்தவையோ பல. ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது பெரும்பாலோர் தந்த விடை ஒன்றே: "பயமாக இருந்தது."

அவற்றுள் ஒன்றை, பெயரும் ஊரும் குறிக்காமல், உரியவரின் இசைவுடன் கூறுகிறோம். நம் குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த அன்பர் ஒருவர் பனையும் தென்னையும் ஏறிப் பிழைப்பவர். பல ஆண்டுகளாக ஒரு நாளும் கால் வழுவாதவர். சில மாதங்களாக அவருக்கு அவ்வப்போது தலைசுற்றல் இருந்தது. அதனை மனைவியிடம் சொல்லவில்லை, மருத்துவரிடமும் காட்டவில்லை. சொன்னால் மரம் ஏற வேண்டாம் என்று தடுத்துவிடுவார்களே, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் என்னாவது என்ற கவலை. ஒரு நாள் காலை தென்னையின் பாதி உயரத்திலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்பெலும்பு முறிந்தது. இன்று அவர் நம்மோடு இங்கே அமர்ந்திருக்கிறார்; ஆனால் இனி மரம் ஏற இயலாது.

படுக்கையருகே சென்று பார்த்தபோது அவர் சொன்ன சொல்லே இன்றைய பேச்சுக்கு வித்து. "மரத்துக்கு நான் பயப்படவே இல்லை, வேலை போய்விடுமே என்றுதான் பயந்தேன்" என்றார். அஞ்ச வேண்டிய தலைசுற்றலுக்கு அவர் அஞ்சவில்லை. அஞ்ச வேண்டாத உண்மைக்கு அஞ்சினார். நம் வாழ்வில் விளையும் கேடுகளுள் பெரும்பங்கு இந்த ஓர் இடமாற்றத்தால் விளைவதே.

அச்சம் என்பது இழிவான பண்பு என்று நாம் இளமை முதல் கேட்டுப் பழகிவிட்டோம். "ஆண்பிள்ளை அழலாமா, பயப்படலாமா?" என்று குழந்தையை அதட்டுகிறோம். வள்ளுவர் அவ்வாறு கருதவில்லை. அஞ்சத் தக்கதற்கு அஞ்சாமல் இருப்பதை அவர் வீரம் என்று போற்றவில்லை. பேதைமை என்றே கொண்டார். அஞ்சத் தக்கதை அறிந்து அஞ்சுவதை அறிவுடைமை என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். அதே பெருந்தகை, கற்றோர் அவையில் நின்று பேச அஞ்சக் கூடாது என்பதற்குத் தனியே ஓர் அதிகாரமும் வகுத்தார். ஆகவே அச்சம் வேண்டுமா, வேண்டாவா என்ற கேள்வியே தவறு. எதற்கு அஞ்சுவது என்பதுதான் கேள்வி.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் ஒரு பலாமரத்தின் அடிமரத்தைக் காத்து வைத்திருப்பதை நம்மில் பலர் கண்டிருப்போம். அம்மச்சிப் பிலாவு என்பது அதன் பெயர். எட்டுவீட்டுப் பிள்ளைமார் கொல்லத் துரத்தியபோது, இளவரசராக இருந்த மார்த்தாண்டவர்மர் அம்மரத்தின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்டவரும், 1741-இல் குளச்சலில் ஒல்லாந்தர் படையை முறியடித்தவருமாகிய அதே மன்னர்தாம் ஒரு நாள் மரப்பொந்தில் மூச்சடக்கி நின்றார் என்கிறது அம்மரபு. அன்று அஞ்சி ஒளிந்ததனால் அவர் கோழை ஆகிவிடவில்லை. ஆனால் ஆபத்து நீங்கிய பின்னும் அப்பொந்தை விட்டு வெளியே வராமல் இருந்திருந்தால் திருவிதாங்கூரின் வரலாறு வேறாயிருக்கும். அச்சம் நமக்குப் புகலிடம் ஆகலாம்; குடியிருக்கும் வீடு ஆகலாகாது.

உடல் நூலாரும் ஏறக்குறைய இதனையே கூறுவர். நம் மூளையின் உட்புறத்தில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உண்டு. ஆபத்தின் அறிகுறி கண்ணிலோ காதிலோ பட்டவுடன், நாம் நின்று எண்ணிப் பார்ப்பதற்கு முன்பே, அது உடலை எழுப்பிவிடுகிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு குருதியில் கலக்கிறது, நெஞ்சு விரைந்து துடிக்கிறது, தசைகளுக்குக் குருதி பாய்கிறது, வாய் உலர்கிறது, கை வியர்க்கிறது. எதிர்த்து நிற்கவோ ஓடித் தப்பவோ உடல் ஆயத்தமாகும் இந்நிலையை அமெரிக்க அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். காட்டில் புலியைக் கண்டவனுக்கு இது பேருதவி. ஆனால் அமிக்டலாவுக்குப் புலியும் மேலதிகாரியும் ஒன்றே. நேர்முகத் தேர்வின் வாயிலில் நிற்கும் நம் பிள்ளைக்கும் அதே நெஞ்சுத் துடிப்பு. வங்கியின் மேசைமுன் நிற்கும் நம் தாய்க்கும் அதே வியர்வை. ஆதலின் நெஞ்சு படபடப்பது நம் குறைபாடு அன்று. அது வீட்டு நாய் குரைப்பது போன்றது. குரைத்தவுடன் எழுந்து வாயிலில் நிற்பவர் யார் என்று பார்ப்பதே நம் கடமை.

வாயிலில் யார் யார் வந்து நிற்பர்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை எண்ணி, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அணங்கு என்றால் கண்ணுக்குப் புலப்படாத தெய்வமும் பேயும். இறை என்றால் நம்மேல் அதிகாரம் உடையவர். இந்த எல்லைப்புறத்து ஊர்களுக்கு என்றே வகுத்தது போல அந்த நான்கும் இன்றும் பொருந்துகின்றன.

முதலாவது அணங்கு. மலையாளத்தார் யட்சி என்பாளை நாம் இசக்கி என்கிறோம். கள்ளியங்காட்டு நீலியின் கதையை எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் சொல்லாத பாட்டிமார் இல்லை. பனையின் உச்சியில் அவள் குடியிருப்பாள் என்பதால் அந்தி சாய்ந்த பின் பனையடியில் நடக்க அஞ்சியவர்கள் நாம். ஆனால் அதே பனையில் விடியும் முன் ஏறியவர்களும் நம் முன்னோர்களே! பனையேறி இசக்கிக்கு அஞ்சி வீட்டில் படுத்துவிடவில்லை. ஏறுமுன் தளைநாரை இழுத்துப் பார்த்தான், பாளை அரிவாளின் பிடியைப் பார்த்தான், மழையில் நனைந்த மரமா என்று தடவிப் பார்த்தான். தொழில் அறிந்தவனுடைய அச்சம் பேயிடம் நில்லாமல் தேய்ந்த நாரிடம் சென்று நின்றது. அறிவு வளர வளர அச்சம் அழிந்துவிடுவதில்லை. தனக்குரிய இடத்தில் போய்ச் சேர்கிறது. கடலோரத்தாரும் இவ்வாறே வானத்தையும் நீரின் நிறத்தையும் பார்த்துத் தொழில் செய்தவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்களின் கடற்கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளை இருளச் செய்த பின், கடலுக்கு அஞ்சுவது எத்துணை நியாயமானது என்பதை நாம் மறக்க இயலாது. முன்னறிவிப்பு வந்தால் கரையில் நிற்பது கோழைமை அன்று.

இரண்டாவது விலங்கு. ரப்பர்ப் பால் வடிக்க இருட்டோடு புறப்படுவோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குமே நம் நாட்டில் மிகுதியான நச்சுக்கடிகளுக்குக் காரணமானவை. இவற்றிற்கு அஞ்சத்தான் வேண்டும். கையில் விளக்கும் காலில் உயரமான காலணியும் அந்த அச்சத்தின் நற்பயன்கள். கடித்துவிட்டாலோ அச்சமே பகையாகிறது. பதற்றத்தால் ஓடுகிறோம்; கடிவாயைக் கீறுகிறோம்; இறுகக் கட்டுகிறோம்; மந்திரிப்பவரைத் தேடுகிறோம். இவை அனைத்தும் தீங்கு. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, காலம் தாழ்த்தாமல் நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்குச் செல்வதே செய்யத் தக்கது. நாய்க்கடியில் நாம் செய்யும் பிழை நேர்மாறானது. சிறு கீறல்தானே என்று அஞ்சாமல் இருந்துவிடுகிறோம். வெறிநோயின் குறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. கடித்தவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தொடங்கினால் உயிரைக் காக்கலாம். ஊசிக்கு அஞ்சி நோய்க்கு அஞ்சாமல் இருப்பது எத்தகைய அறிவு?

மூன்றாவது கள்வர். சுவரில் துளையிட்டு வந்த கள்வன் இன்று தொலைபேசி வழியாக வருகிறான். காவல்துறை அதிகாரி என்றும், உங்கள் பெயரில் குற்ற வழக்கு உள்ளது என்றும், உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருப்பதாகவும் மிரட்டுகிறான். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் இல்லவே இல்லை. அவன் களவாடுவது முதலில் நம் பணத்தை அன்று. நாம் பிறரோடு கலந்து பேசும் வாய்ப்பை. "யாரிடமும் சொல்லாதே" என்பதே அவனுடைய முதற்கட்டளை. அச்சமும் தனிமையும் கூடிய இடத்தில்தான் அவன் வேலை நடக்கும். தொலைபேசியை வைத்துவிட்டு அடுத்த வீட்டாரை அழைத்தால் போதும், அவன் வலை அறுந்துவிடும். பணம் போய்விட்டதாயின் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நான்காவது இறை. இதுவே நம்மை மிகுதியாக வாட்டுவது. அந்நாளில் இறை என்றால் அரசன். இன்று நமக்கு இறைவர் எத்தனை பேர்! அலுவலக மேலாளர், கடன் கொடுத்தவர், பள்ளி ஆசிரியர், வட்டாட்சியர் அலுவலகத்து எழுத்தர், இவர்கள் எல்லாருக்கும் மேலாக 'நாலு பேர்' என்னும் பெயரில்லாத பேரரசர்! நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று மகளின் படிப்பை நிறுத்தியோர் உண்டு; கடனை மறைத்து மேலும் கடன் பட்டோர் உண்டு; தேர்வில் தோற்றதை வீட்டில் சொல்ல அஞ்சித் தவித்த பிள்ளைகளும் உண்டு.

எல்லைப்புறத்துத் தமிழர்க்கு இவற்றோடு நாவின் அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு அப்பால் சென்றால் நம் பேச்சில் மலையாளம் கலக்கிறது என்று நகைப்பர். திருவனந்தபுரம் சென்றால் 'பாண்டி' என்று நகைப்பர். இரு புறமும் நகைப்புக்கு அஞ்சி, இரண்டு மொழி அறிந்த நாம் எம்மொழியிலும் பேசாமல் ஊமைகளாய் நிற்பதா? நம் சங்க உறுப்பினராகிய ஓர் அன்னை, ஓய்வூதிய விண்ணப்பத்தோடு மூன்று நாள் ஓர் அலுவலகத்தின் படிவரை சென்று, தம் மலையாளம் பிழையாகுமே என்று அஞ்சித் திரும்பினார். நான்காம் நாள் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி உடன் சென்றார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. "எவ்வளவு அன்பாகப் பேசினார்கள்!" என்று அவ்வன்னை வியந்தார்.

அவர் அறியாத ஒன்றை நாம் அறிந்துகொள்வோம். ஒன்றிய அரசிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குறைதீர்க்கும் முறையீட்டை அளிக்கலாம் என்பது இந்திய அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்க்கும் தம் மொழியில் எழுதவும், அம்மொழியிலேயே விடை பெறவும் இடம் தருகிறது. உரிமை இன்னது என்று அறிந்தவனுக்குப் படி ஏறும்போது நெஞ்சு படபடக்கலாம்; ஆனால் படியிலிருந்து அவன் திரும்பிவிட மாட்டான்.

இறைக்கு அஞ்சாமை எத்தகையது என்பதை இம்மண்ணே உலகுக்குக் காட்டியிருக்கிறது. அருவிப்புரம் நெய்யாற்றின் கரையில்தான் 1888-இல் நாராயணகுரு சிவலிங்கத்தை நிறுவி, பன்னூற்றாண்டு வழக்கத்தின் அதிகாரத்தை அமைதியாகக் கடந்தார். வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல், தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுவழியில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்த சுதேசாபிமானி இராமகிருட்டிண பிள்ளை, அச்சமும் வஞ்சமும் பேராசையும் நாட்டை வளர்க்கமாட்டா என்னும் கருத்தையே தம் இதழின் முகப்பு வாசகமாகக் கொண்டார். திவானின் ஆட்சியைத் துணிந்து கண்டித்ததால் 1910 செப்டம்பரில் அச்சகம் பறிமுதலாயிற்று. அவர் நாடு கடத்தப்பட்டார். 1916-இல் கண்ணூரில் மறையும்வரை தாயகம் திரும்பவில்லை. இவர்களுக்கு நெஞ்சு படபடக்கவில்லை என்று யார் சொல்ல முடியும்? அவர்களும் நம்மைப் போல் எலும்பும் தசையும் உடையவர்களே. அஞ்ச வேண்டியது அரசனுடைய சினத்திற்கு அன்று, மக்களின் இழிநிலைக்கே என்று தெளிந்தார்கள், அவ்வளவே.

"பெரியோர் செய்தனர்; எளியோர் ஆகிய நாம் என்ன செய்வது?" என்று கேட்கலாம். எளிய வழி ஒன்று உண்டு. அதனை ஒரு குழந்தையிடமிருந்து கற்போம். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர், முயலைக் கண்டால் நடுங்கிய பீட்டர் என்னும் சிறுவனின் அச்சத்தைப் போக்கிய வரலாற்றை வெளியிட்டார். அவர் அதட்டவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. குழந்தை விரும்பிய தின்பண்டத்தை உண்ணும்போது முயலைத் தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். முயலுக்கு அஞ்சாத பிற குழந்தைகளையும் உடன் விளையாட விட்டார். இறுதியில் பீட்டர் முயலைத் தானே தடவிக் கொடுத்தான். சிறு படிகளாக அணுகுதல், அஞ்சாதவரின் துணையோடு அணுகுதல் என்னும் இவ்விரண்டும் இன்றுவரை உளமருத்துவத்தில் பயன்படும் முறைகள்.

மேடையில் பேச அஞ்சும் மாணவன் முதலில் வீட்டில் தங்கையின் முன் பேசட்டும். பின் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் பேசட்டும். மேலாளரிடம் விடுப்புக் கேட்க அஞ்சுபவர், கேட்க வேண்டிய ஒரே வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளட்டும். அஞ்சிய ஒன்றிலிருந்து விலகி ஓடும் ஒவ்வொரு முறையும் அந்நேரத்திற்கு ஆறுதல் கிடைக்கும். ஆனால் அச்சம் முன்னினும் வளர்ந்திருக்கும். ஓரடி அணுகும் ஒவ்வொரு முறையும் சற்றுத் துன்பம் இருக்கும். ஆனால் அச்சம் தேய்ந்திருக்கும். மாதக்கணக்கில் உறக்கம் கெட்டு, காரணமின்றியும் நெஞ்சு நடுங்குமாயின், அது நோய்; மருத்துவரிடம் செல்வதில் இழிவில்லை. 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

நிறைவாக, சங்கத்தாரிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறோம். முதலாவது, அலுவலகம், மருத்துவமனை, வங்கி, காவல் நிலையம் ஆகியவற்றிற்குத் தனியே செல்ல அஞ்சுவோர்க்கு உடன் செல்ல, தெருவுக்கு இருவர் பெயரைச் சங்கம் பதிவு செய்யட்டும். பேசித் தருவது அவர்கள் வேலை அன்று. பக்கத்தில் நிற்பதே வேலை. இரண்டாவது, மரம் ஏறுவோர், கட்டட வேலை செய்வோர், வண்டி ஓட்டுவோர் ஆகியோர்க்கு ஆண்டுக்கு இருமுறை குருதியழுத்தமும் கண்ணும் பார்க்க ஏற்பாடு செய்வோம். உடல்நலம் குன்றி வேலை நிறுத்தியவரின் வீட்டுக்குச் சில மாதங்களேனும் உதவும் ஒரு சிறு நிதியையும் இவ்விழாவிலேயே தொடங்குவோம். அந்நிதி சென்ற ஆண்டே இருந்திருந்தால், நம் அன்பர் தலைசுற்றலை மறைத்திருக்க வேண்டியதில்லை. அவரிடம் இருந்தது கோழைமை அன்று; பின்னால் தாங்குவார் இல்லை என்ற எண்ணம். அவ்வெண்ணத்தை உண்டாக்கியதில் நமக்கும் பங்கு உண்டு.

பெற்றோர்களே! இன்றிரவு வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையிடம், "நீ எதற்குப் பயப்படுகிறாய்?" என்று கேளுங்கள். விடை வரும்போது நகைக்காதீர்கள், அறிவுரையும் சொல்லாதீர்கள், கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். பின், நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்பதையும் அப்பிள்ளையிடம் சொல்லுங்கள். சொல்லிய அச்சம் பாதி தேய்ந்த அச்சம். மற்றைப் பாதியை நாம் எல்லாரும் சேர்ந்து தேய்ப்போம்.